கம்பெனிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்குப் போனவர்

கொங்கு மண்டலத்தில் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் முதலாளி நின்று ஜெயித்தார். கம்பெனிக் கணக்கு பார்ப்பவனே தேர்தல் கணக்கையும் பார்க்கட்டும் என்று என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். ஜெயித்த பிறகு தொகுதி அலுவலகமும் என் பொறுப்புக்கு வந்தது. அவருடைய பெயர், கட்சி, தொகுதி எதுவும் இங்கே வேண்டாம். தொழிலிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிற ஒருவருக்கு எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொழிலதிபர் அரசியலுக்கு வந்தால் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்த ஆளு, நிர்வாகம் தெரியும், சட்டுனு முடிச்சிருவாரு" என்று ஒரு பேச்சு. "போட்ட காசை எடுக்கத்தானே வர்றாங்க" என்று இன்னொரு பேச்சு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு எங்கள் முதலாளியின் பதவிக்காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சட்டென்று முடிக்கும் பழக்கத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரின் வேலையில் இடமே கிடையாது. பில்லைப் பார்த்து, நிலுவையைக் குறித்து, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் அங்கேயும் செல்லுபடியானது. அவர் செய்த நல்ல காரியம் எல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

வேட்புமனுவுக்கு முன்னால் செய்த வேலையை முதலில் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தன் தொழிலின் பேரில் மாநில அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, அரசின் வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் போட்டவர், அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை சட்டமன்றத்துக்குத் தகுதி இழந்தவர். நிற்கவும் முடியாது, ஜெயித்தாலும் நீடிக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு, ஆள் வேறு. எங்களுடையது முதலாளியும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்திய பார்ட்னர்ஷிப். அங்கே அந்த மறைப்பு கிடையாது. கம்பெனி போட்ட கையெழுத்து அவர் போட்ட கையெழுத்துதான். அரசுத் துறை ஒன்றுக்கு மோட்டார் சப்ளை செய்யும் ஆர்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி லாட் குடோனில் இருந்தது.

வக்கீலிடம் ஃபைலைக் கொண்டுபோனோம். முதலாளிக்கு இருந்த பெரிய கவலை வேறு. "போன லாட்டுக்கே பணம் வரலீங்க. பணம் வர்ற வரைக்கும் ஒப்பந்தம் முடியாதுன்னா நான் எந்தக் காலத்துல நிக்கறது?" அதற்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நம் பங்குக்குச் செய்ய வேண்டியதை முழுவதும் செய்து முடித்துவிட்டால், அரசு தன் பங்கைப் பாக்கி வைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாக ஆகாது. ஆகவே நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடைசி லாட்டை இறக்கி, முழுவதும் பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு சீல் வைத்த கையெழுத்து வாங்குவது. நான் அந்த வாரம் முழுக்க டெலிவரி சலான்களை வரிசையாக அடுக்கி, சீல் மங்கலாக இருந்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் தெளிவாக வைத்து வாங்கினேன். கேரண்டி காலத்தில் மோட்டார் ரிப்பேரானால் சர்வீஸ் செய்து கொடுக்கும் பொறுப்பு ஒன்று பாக்கி இருந்தது. அதில் எதிராளி வாதாட இடம் வைக்க வேண்டாம் என்றார் வக்கீல். துறையின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி அதை ஒரு டீலர் பெயருக்கு மாற்றினோம்.

அதோடு முதலாளி பார்ட்னர்ஷிப்பிலிருந்தே விலகினார். சட்டம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை, அவர் கேட்டார். "ஆர்டர் இன்னிக்கு முடிஞ்சிருச்சு, நாளைக்கு வேற ஆர்டர் வந்தா? தம்பி என்னைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டான்னா?" விலகல் பத்திரம், நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, பேங்கில் கையெழுத்து அதிகாரம் மாற்றம், வணிகவரிப் பதிவில் பெயர் நீக்கம் என்று நான்கு இடத்திலும் தேதி பொருந்திவர வேண்டும். ஒரு இடத்தில் பெயர் நீங்கி இன்னொரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், நாளைக்குத் தேர்தல் வழக்கில் அந்தத் தாள்தான் முதலில் வெளியே வரும். தொழில் செய்கிறவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். குறைந்தது ஆறு மாதம் முன்னால் ஆரம்பிக்க வேண்டிய வேலை இது.

தேர்தல் செலவுக் கணக்கு எனக்குப் பழகிய வேலைதான் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அதன் தன்மை வேறு என்று தெரிந்தது. அப்போது சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 28 லட்சம் ரூபாய். 2022 முதல் அது 40 லட்சம். வேட்புமனுவுக்கு ஒரு நாளாவது முன்பு தனி பேங்க் கணக்குத் தொடங்கி, எல்லாச் செலவையும் அதன் வழியாகவே செய்ய வேண்டும். பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், பேங்குக்கு மஞ்சள் தாள். செலவினப் பார்வையாளர் பிரசார நாட்களில் மூன்று முறையாவது அதை வாங்கிப் பார்ப்பார். மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் ஒன்று கொடுப்பார். பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா, டீ, ஆட்டோ, மைக்செட் எல்லாவற்றுக்கும் அதில் விலை இருக்கும். நாம் மலிவாக வாங்கியிருந்தாலும் பட்டியல் விலையோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

தொழிலதிபர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்பெனி வேன், கம்பெனி டீசல், கம்பெனி ஜெனரேட்டர், கம்பெனி ஆட்கள் என்று எல்லாம் கைக்குப் பக்கத்தில் இருக்கும். "நம்ம வண்டிக்கு நாமளே என்ன வாடகை எழுதறது?" என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும், சந்தை வாடகைக்கு. கம்பெனி அதை நன்கொடையாகக் கொடுத்தால் கம்பெனிப் புத்தகத்திலும் வர வேண்டும், வேட்பாளர் பதிவேட்டிலும் வர வேண்டும். ஆட்களை லீவு போட்டுவிட்டுத்தான் வரச் சொன்னோம். அட்டெண்டன்ஸில் லீவு என்று இருக்க வேண்டும் என்று டைம்கீப்பரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அந்தத் தேர்தலில் வாக்காளருக்குப் பணம் விநியோகம் நடந்த காரணத்தால் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவையே நிறுத்தி, பிறகு நவம்பரில்தான் நடத்தினார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது பெரிய எச்சரிக்கையாக இருந்தது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். சரியான காரணம் இல்லாமல் தவறினால் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தோற்றவருக்கும் இது உண்டு. தோற்ற சோகத்தில் கணக்கை மறந்தவர்கள் கதி அதுதான்.

ஜெயித்து, 234 பேரில் ஒருவராக உறுதிமொழி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். முதல் சில மாதங்கள்தான் மிகக் கஷ்டம். கம்பெனியில் அவர் சொன்னால் நடக்கும். ஃபவுண்டரியில் ஒரு மேடை போட வேண்டும் என்று காலையில் சொன்னால் மதியம் செங்கல் இறங்கும். அதே வேகத்தில் ஒரு செயற்பொறியாளருக்கு போன் செய்து, "அந்த மேல்நிலைத் தொட்டி வேலையை நாளைக்கு ஆரம்பிச்சிருங்க" என்றார். அந்த அதிகாரி மிகவும் மரியாதையாக, "எழுத்துல கொடுத்துடுங்க சார், பார்த்துடலாம்" என்றார். போனை வைத்துவிட்டு முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவமானப்படுத்திவிட்டார் என்று பக்கத்திலிருந்த கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். உண்மையில் அந்த அதிகாரி சொன்னதுதான் முறை. எம்.எல்.ஏ.வுக்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பரிந்துரைக்கலாம், கேட்கலாம், அவையில் எழுப்பலாம், குழுவில் விசாரிக்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி என்று இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறதே, அதில்கூட வேலையைப் பரிந்துரைப்பதோடு அவர் பங்கு முடிகிறது. நிர்வாக ஒப்புதல் கலெக்டருடையது. மதிப்பீடு பொறியாளருடையது. டெண்டர், 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்க வேண்டும். பணம் எம்.எல்.ஏ. கையைத் தொடுவதே இல்லை.

அந்தத் தொட்டியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் நாங்கள் வேலை செய்யும் விதமே மாறியது. ஊர்க்காரர்கள் காட்டிய இடம் நல்ல மேடு. தண்ணீர் தானாக இறங்கும். முதலாளி பம்ப் தொழில்காரர் என்பதால் பார்த்தவுடனே அதற்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டார். மேடையில் அறிவிக்கவும் தயாரானார். கிராம நிர்வாக அலுவலர், வயதில் சின்னப் பையன், தயங்கித் தயங்கி என்னிடம் வந்து நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டைக் காட்டினார். அந்த சர்வே எண்ணுக்கு எதிரே ஓடைப் புறம்போக்கு என்று இருந்தது. மழை பெய்தால்தான் அங்கே தண்ணீர் போகும். மற்ற நாளில் வெறும் மேடாகத்தான் தெரியும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்ட ஒப்புதல் கிடைக்காது. கட்டினாலும் ஒரு நாள் கோர்ட் இடிக்கச் சொல்லும். அன்றைய அறிவிப்பை நிறுத்திவிட்டு, முந்நூறு அடி தள்ளி கிராம நத்தத்தில் இடம் பார்த்தோம். அதற்குப் பிறகு 'அ' பதிவேட்டு நகலும் புல வரைபடமும் மேஜைக்கு வராமல் எந்தக் கட்டடத்தையும் மேடையில் அறிவிப்பதில்லை என்று முடிவானது. அந்த இளைஞரை முதலாளி கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அதன் பிறகு தாலுகா ஆபீஸில் எங்களிடம் உண்மையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. இதனால் கிடைத்த பலனுக்கு அளவே இல்லை.

இன்னொரு சங்கடம் அந்தப் பதவிக்காலத்துக்கே உரியது. உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பில் விட்டார்கள். கிராமப் பக்கம் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, நகர்ப் பக்கம் 2022 பிப்ரவரி வரை போனது. வார்டு கவுன்சிலரும் இல்லை, ஊராட்சித் தலைவரும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எல்லாமே எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலுக்கு வந்தது. சட்டம் இயற்றத் தேர்ந்தெடுத்தவரைத் தெருவிளக்குக்காகத் தேடினார்கள் என்று மக்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்போதுதான் கம்பெனியின் நிலுவை ஆர்டர் நோட்டைப் போலவே ஒரு மனு நோட்டுப் போட்டோம். நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டு: மனு வந்த தேதி, பெயர், ஊர், எந்தத் துறை, நம் கடிதம் போன தேதி, அங்கிருந்து பதில் வந்த தேதி, மனு கொடுத்தவருக்கு நாம் சொன்ன தேதி. கடைசிக் கட்டம்தான் முக்கியம் என்று முதலாளி அடித்துச் சொன்னார். "சரக்கு அனுப்ப முடியலீன்னா பார்ட்டிக்கு போன் பண்ணிச் சொல்லுவோம் இல்ல? இங்கயும் அப்படித்தான். முடியாதுன்னாலும் கூப்பிட்டுச் சொல்லோணும்." கணவரை இழந்த ஒரு அம்மா விதவை உதவித்தொகைக்காக வந்தார். அப்போது அது மாதம் 1,000 ரூபாய். "மூணு வருசமா நடக்கறனுங்க சாமி, ஆரும் இல்லைன்னும் சொல்லல, தர்றோம்னும் சொல்லல" என்றார். விசாரித்தால் ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, பேங்க் பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. அந்த ஒரு எழுத்துக்காகத் தாள் மூன்று வருடம் ஒரே ஃபைல் கட்டுக்குள் கிடந்தது. திருத்த ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்படிப்பட்டவை நிறைய. பாதி மனுக்களுக்கு அதிகாரமோ சிபாரிசோ தேவையில்லை. தாள் எங்கே நிற்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம், அந்த நோட்டை முதலாளியே வரிவரியாகப் பார்ப்பார். ஒரு மாதத்துக்கு மேல் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் துறைக்கு நினைவூட்டுக் கடிதம் போகும்.

சட்டமன்றத்துக்குள் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது பட்ஜெட் புத்தகம். பெரும்பாலான உறுப்பினர்கள் பட்ஜெட் உரையைப் படிப்பார்கள். இவர் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தைப் படித்தார். ஒவ்வொரு செலவினத்துக்கும் எதிரே வரிசையாக எண்கள் இருக்கும். 2018–19 பட்ஜெட் என்றால் 2016–17இன் உண்மைக் கணக்கு, 2017–18இன் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, பிறகு 2018–19இன் மதிப்பீடு. தொழில்காரர் கண் முதலில் போவது நடுவில் இருக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். போன வருடம் இவ்வளவு ஒதுக்குகிறோம் என்று சொன்னார்கள், திருத்த மதிப்பீட்டில் அது எவ்வளவாகச் சுருங்கியது? அந்தத் தொகை எங்கே போனது? எண்கள் ஆயிரத்தில் அச்சாகியிருக்கும். எதிரே வெறும் 1 என்று இருந்தால், கணக்குத் தலைப்பை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டதாக நினைத்து ஊரில் போய்ச் சொல்லிவிடக் கூடாது. இரவு சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் அவரும் நானும் ஸ்கேலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போவோம். கொள்கை விளக்கக் குறிப்பில் என்ன சொல்லியிருக்கிறார்கள், கணக்குத் தணிக்கையர் அறிக்கையில் அதைப் பற்றி என்ன இருக்கிறது என்று பக்கத்தில் பென்சிலால் குறிப்போம்.

பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. கட்சிக்கு இவ்வளவு நிமிடம் என்று பிரித்து, அதில் புதியவருக்கு என்ன மிஞ்சுமோ அதுதான். அந்த நேரத்தில் தலைவரைப் புகழ ஒரு பங்கு, எதிர்க்கட்சியைத் தாக்க ஒரு பங்கு என்று போய்விட்டால் தொகுதிக்கு ஒன்றும் இருக்காது. இவர் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எழுவார். இந்தத் தலைப்பில் இவ்வளவு ஒதுக்கீடு, இவ்வளவு செலவு, மீதிக்குக் காரணம் என்ன, என் தொகுதியில் இதே திட்டத்துக்காகக் காத்திருக்கும் ஊர் இது. அமைச்சர் எழுந்து, "ஆவன செய்யப்படும்" என்றாலே போதும். அவையில் அமைச்சர் கொடுத்த வாக்கு அச்சாகிறது. உறுதிமொழிக் குழு அதை எடுத்துக்கொண்டு துறையிடம் என்ன ஆயிற்று என்று கேட்கிறது. அச்சான நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் தலைமைச் செயலகத்தில் அந்தக் கடிதம் போகும் வேகமே வேறு. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மைக்கில் பேசுவதைவிட எழுத்துமூல வினாக்களைத் தவறாமல் கொடுங்கள். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்வியும் உண்டு என்பதால் எல்லோரும் அதற்கே ஆசைப்படுகிறார்கள். எழுத்துப் பதிலில் கிடைக்கும் புள்ளிவிவரம்தான் பிறகு ஆயுதம்.

தொழில் அறிவும் தொழில் நலனும் ஒரே இடத்தில் வந்து நின்றது ஜிஎஸ்டி விஷயத்தில். 2017 ஜூனில் மாநில ஜிஎஸ்டி மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஜூலையில் வரி வந்தது. எங்கள் பக்கம் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தக் கூலிக்கு 18 சதவீத வரி விழுந்தது. வரியை அவர் முதலில் கட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து கூலி வருவதற்கு மூன்று மாதம் ஆகும். அவர்களில் சிலர் ஆபீஸுக்கு வந்து பில் புத்தகத்தைப் பரப்பி வைத்தார்கள். முதலாளிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவரே ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்.

ஆனால் வரி குறைந்தால் அவர் குடும்பக் கம்பெனிக்கும் லாபம்தான். அவையில் பேசக் கிடைத்த நேரத்தில் முதல் வரியாகவே, இந்தத் தொழில் தன் குடும்பத் தொழில் என்றும், தான் பார்ட்னராக இல்லாவிட்டாலும் தம்பி நடத்துகிறார் என்றும் பதிவுசெய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். அப்படிச் சொன்னதால் பேச்சின் பலம் குறையும் என்று கட்சியில் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறகு யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரால் ஜிஎஸ்டி விகிதத்தை மாற்ற முடியாது. அதை முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் உட்கார்வது மாநில அமைச்சர். அவர் கையில் கொடுக்க வேண்டியது உணர்ச்சிகரமான பேச்சு இல்லை, கணக்கு. ஒரு கடைசல் கூலியில் வரி, வட்டி, மிஞ்சும் தொகை என்று ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். தொழில் அமைப்புகள் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2019 செப்டம்பரில் இன்ஜினியரிங் ஜாப் வொர்க்குக்கு 18இலிருந்து 12 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே கூட்டத்தில்தான் வெட் கிரைண்டரும் 12இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. எங்கள் ஒரு தாளால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பலர் கேட்டு வந்தது. கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம்.

கம்பெனியையும் பதவியையும் பிரித்து வைப்பது வேட்புமனுவோடு முடிகிற விஷயம் இல்லை என்பதை ஒரு ஒப்பந்ததாரர் எங்களுக்குக் காட்டினார். தொகுதியில் அரசு வேலைகளை எடுத்துச் செய்பவர். நேராகக் கம்பெனி ஷோரூமுக்கு வந்து, பெரிய எண்ணிக்கையில் மோட்டார் வேண்டும் என்று சொல்லி, விலைப்பட்டியலைப் பார்த்து அப்படியே சரி என்றார். தள்ளுபடி கேட்கவில்லை. பாதி முன்பணம் வேறு தருகிறேன் என்றார். தம்பிக்குச் சந்தோஷம். சட்டப்படி அது அரசு ஒப்பந்தமும் இல்லை, தனியாருக்கு விற்பனைதான். சாயங்காலம் முதலாளி காதுக்குப் போனது. என்னிடம் சொன்னார்: "விலை பேசாம வாங்கறவன் வேற எதையோ வாங்க வந்திருக்கான், தம்பி." ஆர்டரைத் திருப்பி அனுப்பினார்கள். தொகுதிக்குள் அரசு வேலை எடுத்துச் செய்யும் யாருக்கும் பதவிக்காலம் முடியும்வரை விற்பனை இல்லை என்று எழுதி ஷோரூம் மேனேஜரிடம் கொடுத்தோம். கம்பெனிக்கு நஷ்டம்தான்; அண்ணன் தம்பிக்குள் சில நாள் பேச்சுவார்த்தைகூட இல்லை. ஆனாலும் இதைச் செய்யாத தொழிலதிபர் யாரும் தன் பெயரைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. லஞ்சம் கவரில் வருவதை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். நல்ல ஆர்டராக, பில்லோடு, வரியோடு வருவதை அடையாளம் காண்பதுதான் கஷ்டம்.

இந்த வகையில் பழைய ஆட்களை முதலாளி அடிக்கடி நினைப்பார். பொள்ளாச்சி நா. மகாலிங்கம் 1952இலிருந்து 1967 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். சக்தி குழுமத்தை வளர்த்தவர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொந்தமாக வியாபாரக் கம்பெனி நடத்திவிட்டு 1937இல் சென்னைச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போனவர். பிறகு மத்திய நிதியமைச்சராகி, எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிப் பங்குகளில் போடப்பட்ட விவகாரத்தில் 1958இல் பதவி விலகினார். "தன் பையில ஒரு பைசா போடலீன்னாலும் தன் துறையில நடந்ததுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது பாரு" என்பார் முதலாளி. எங்கள் முதலாளி இருந்த அதே அவையில் நாங்குநேரி உறுப்பினராக எச். வசந்தகுமார் இருந்தார், வசந்த் அன் கோ நிறுவனர். 2019இல் கன்னியாகுமரி எம்.பி. ஆகி, 2020இல் கொரோனாவில் காலமானார். தொழிலும் மக்கள் பதவியும் ஒரே ஆளிடம் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

முதலாளியாகப் பழகியவருக்கு உறுத்துகிற விஷயங்கள் வேறு இரண்டு. ஒன்று கொறடா உத்தரவு. தன் கம்பெனியில் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தவர், அவையில் கட்சி சொல்கிற பக்கம்தான் வாக்களிக்க வேண்டும். மீறினால் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம். 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்களைக் கட்சித்தாவல் சட்டத்தின் கீழ் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். தனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கட்சிக் கூட்டத்தில், முன்கூட்டியே, எழுத்தில் சொல்லிவிடுவது என்று அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்று நேரம். காதுகுத்து, கல்யாணம், துக்கம் எதையும் விட முடியாது. துக்க வீட்டுக்குத் தவறாமல் போக வேண்டும், கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். மொய் எவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை வைத்தார். அது நல்ல ஏற்பாடு. வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே எழவில்லை.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தொழில்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 2016இல் மாதம் 55,000 ரூபாய். 2017 ஜூலையிலிருந்து 1.05 லட்சம். வருமான வரியில் இது சம்பளம் என்ற தலைப்பில் வராது, இதர வருமானத்தில்தான் வரும், ஏனென்றால் எம்.எல்.ஏ.வுக்கு முதலாளி கிடையாது. தொகுதி ஆபீஸ் டீச் செலவு, வண்டி டீசல், மனு எழுத வைத்திருந்த ஆள் சம்பளம், மொய் எல்லாம் போனால் அந்தப் பணத்தில் ஒன்றும் மிஞ்சாது. கம்பெனியிலிருந்து எடுத்துப் போடலாம் என்ற நினைப்பு வரும். பார்ட்னராக இல்லாதபோது அதற்கும் வழியில்லை. ஆகவே நிற்பதற்கு முன்பே ஐந்து ஆண்டுக் குடும்பச் செலவுக்கு வாடகை வருமானமோ டெபாசிட் வட்டியோ ஏற்பாடு செய்துவிட வேண்டும். முதலாளி விலகும்போது தன் பங்கு மூலதனத்தைத் தவணையாகப் பேங்க் வழியாகத் திரும்ப வாங்கும்படி விலகல் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார். வீடு அதில் ஓடியது.

2021இல் அவர் மறுபடி நிற்கவில்லை. தம்பிக்கு உடம்பு முடியாமல் போனது, கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. பதவிக்காலம் முடிந்த பிறகு புதுப் பத்திரம் எழுதி மறுபடி பார்ட்னராகச் சேர்ந்தார். அரசு டெண்டர்களுக்குப் பதிவு செய்வதையும் அதற்கப்புறம்தான் தொடங்கினோம்.

இப்போது நிற்க நினைப்பவர்களுக்கு, வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் எங்கள் காலத்தைவிட நீளமாகிவிட்டது. 2018க்குப் பிறகு ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்கிறார்கள். தனக்கு மட்டும் இல்லை. மனைவி அல்லது கணவர், இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கு, தன்னை நம்பியிருப்பவர்கள் என்று எல்லோருக்கும் தனித்தனிக் கட்டம். வருமானம் எங்கிருந்து வந்தது, அரசோடு ஒப்பந்தம் உண்டா, வரி பாக்கி, மின்கட்டண பாக்கி உண்டா என்று எல்லாம் எழுத வேண்டும். வேலையை ஆடிட்டரிடம் கொடுக்கும்போது மனைவியின் நகைச் சீட்டு, லாக்கர், அப்பா பெயரில் கிடக்கும் பழைய கூட்டுப் பட்டா, எப்போதோ வாங்கிப்போட்டு மறந்துபோன பங்குகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் பெயரில் இருக்கும் கடனும், நீங்கள் எழுதும் சொத்துக் கணக்கும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்துகிறதா என்பதை ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். மனுப் பரிசீலனை அன்று எதிராளியின் வக்கீல் அந்த இரண்டையும்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.